சுவரை உடைப்பதற்கு முன் காதைக் கேளுங்கள்



நம் புதுச்சேரியில் இப்போது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் சமையலறைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசுவது ஹாலில் வரப்போகும் 'ஹோம் தியேட்டர்' பற்றித்தான். முன்பெல்லாம் டி.வி.யை எந்தச் சுவரில் வைப்பது என்று மட்டும் கேட்பார்கள். இப்போது ஸ்பீக்கரைச் சுவருக்குள்ளே பதிக்கலாமா, கூரையில் பதிக்கலாமா, ஒயரே இல்லாத ஸ்பீக்கர் போதுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். நான் ஒலிபெருக்கிக் கடைக்காரனும் இல்லை, என்ஜினீயரும் இல்லை. பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்து, மற்றவர்கள் போட்ட எஸ்டிமேட்டுகளைக் கூட்டிச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு மாற்ற முடியாது என்று பார்க்கிற பழக்கம் அந்த நாற்காலி எனக்குக் கொடுத்தது. அந்தப் பழக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் பைப்பையும் ஒயரையும் வையுங்கள், ஸ்பீக்கரை வைக்காதீர்கள். முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களுக்குப் பணத்தைச் செலவழியுங்கள், பின்பக்கத்துக்கு ஒயரில்லாதது போதும். இதற்கெல்லாம் முன்னால், அந்த ஹாலில் வருஷம் முழுக்க உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

இதை நான் எழுதக் காரணம் என் தங்கை மகன். பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். என் தங்கை இங்கே, தமிழர் பகுதியில், அவள் மாமனார் காலத்துத் திண்ணை வீட்டில் தனியாக இருக்கிறாள். 71 வயது. இரண்டு வருஷமாகக் காதுக்கு மிஷின் வைத்திருக்கிறாள். வீட்டைப் பழுது பார்க்க மகன் பணம் அனுப்புகிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினான். ஹால் சுவர்களில் பதிக்க ஏழு ஸ்பீக்கர், கூரையில் நான்கு, தரையில் இரண்டு பெரிய சப்வூஃபர். "மாமா, நீங்கதான் எஸ்டிமேட் பார்க்கத் தெரிஞ்சவங்க, ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

நான் எஸ்டிமேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கையைப் போய்க் கேட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அவன் வருஷத்துல இருபது நாள் வருவான். மீதி நாளெல்லாம் நான்தான் அந்தப் பொட்டி முன்னால உக்காந்திருக்கேன். சத்தம் கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் புரிய மாட்டேங்குது. அதைச் சரிபண்ணித் தரச் சொல்லு."

இதற்கு மேல் ஒரு தேவை அறிக்கையை எந்த அதிகாரியும் எழுத முடியாது.

முதலில் இந்தச் சுற்றொலி என்பது என்ன என்று, தெரியாத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இடது, வலது. அந்தப் புள்ளி ஒன்று என்பது அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டுமான பெட்டி. 7.1 என்றால் பக்கவாட்டிலும் இரண்டு கூடும். 7.1.4 என்றால் தலைக்கு மேலே நான்கு. தலைக்கு மேலே மழை பெய்கிற மாதிரியும் ஹெலிகாப்டர் போகிற மாதிரியும் கேட்க வைக்கிற டால்பி அட்மாஸ் முறை தியேட்டர்களுக்கு 2012-இல் வந்தது. பிறகு வீட்டுக்கும் வந்துவிட்டது.

இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுக்கிற எண்ணம் மட்டும் மிகப் பழையது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர் என்பவர் ஓப்பரா மேடையின் முன்வரிசையில் இடமும் வலமுமாக மைக்குகளை வைத்து, டெலிபோன் கம்பி வழியாகக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கேட்கிறவர் இரண்டு காதிலும் இரண்டு டெலிபோனை வைத்துக்கொண்டால், பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பது தெரிந்ததாம். 1890-இல் இது 'தெயாத்ரோஃபோன்' என்ற பெயரில் சந்தா கட்டிக் கேட்கிற சேவையாகவே ஆனது. எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் 1911-இல் சந்தா கட்டி, படுக்கையில் இருந்தபடியே ஓப்பரா கேட்டார். 1932 வரை அது நடந்தது. நோய்வாய்ப்பட்டு வெளியே போக முடியாத ஒரு மனிதருக்கு வீட்டுக்குள்ளே மேடையைக் கொண்டுவந்ததுதான் அந்தக் கருவியின் நல்ல உபயோகம். நம் வயதுக்காரர்களுக்கு ஹோம் தியேட்டரின் உபயோகமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு சின்ன விஷயம். பிரெஞ்சில் ஸ்பீக்கர் பெட்டிக்கு 'ஆன்சேன்த்' என்று சொல்வார்கள். கோட்டையைச் சுற்றிய மதிலுக்கும் அதே சொல்தான். கர்ப்பிணிப் பெண்ணைக் குறிக்கவும் அதே சொல்தான். மருமகன் அனுப்பிய வரைபடத்தில் 'சுவரில் பதிக்கும் ஆன்சேன்த்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தங்கை ஏன் என்று கேட்டாள், விளக்கினேன். "சுவரு ஏற்கெனவே ஓதம் ஏறி உப்பிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாலும் அவள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சுவரில் பதிக்கும் ஸ்பீக்கர் எந்த ஊர் வீட்டுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்காவில் வீட்டின் உட்சுவர் என்பது மரச்சட்டம் அடித்து இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை ஒட்டியது. உள்ளே வெறும் காற்று. நான்கு விரற்கடை ஆழம் இருக்கும். பலகையில் ஒரு துளை வெட்டி, ஸ்பீக்கரை உள்ளே தள்ளி, ஸ்க்ரூவைத் திருப்பினால் உள்பக்கம் இருக்கிற காது போன்ற கொக்கிகள் பலகையைக் கவ்விக்கொள்ளும். அரை மணி நேர வேலை. கழற்றினால் இன்னொரு பலகைத் துண்டை ஒட்டி மூடிவிடலாம்.

நம் சுவர் அப்படியா? புது வீடு என்றால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அல்லது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். ஒன்பது அங்குலத்தில் நான்கு அங்குலம் குடைந்தால் அந்த இடத்தில் சுவர் பாதிதான் மிச்சம். நாலரை அங்குலத்தில் குடைந்தால் பின்பக்கத்துப் பூச்சுதான் மிச்சம். பழைய வீடு என்றால் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கனமான சுவர். கனம் இருக்கிறதே என்று உளியை வைத்தால், ஒரு செங்கல் வருகிற இடத்தில் நான்கு செங்கல் வரும். அந்தக் குழியைச் சிமெண்ட் வைத்து மூடினால், சுண்ணாம்புச் சுவர் வெளியே விட்டுக்கொண்டிருந்த ஈரத்தைச் சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். அடுத்த வருஷம் பக்கத்தில் உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். மாடியையும் மச்சையும் தாங்குகிற சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்டுவதும் ஆபத்து. செங்குத்தாக வெட்டுவதைவிட அது சுவரை அதிகம் பலவீனப்படுத்தும்.

அதோடு நாம் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் செப்புக் கம்பியின் முனை பச்சைக் களிம்பு ஏறும். ஓதம் ஏறும் சுவருக்குள் ஸ்பீக்கரின் முதுகு இருந்தால், அந்தக் களிம்பு நமக்குத் தெரியாமலே ஏறும். வெளியே ஸ்டாண்டில் இருக்கிற ஸ்பீக்கர் என்றால் துடைக்கலாம், ஒயரின் முனையை வெட்டிப் புதிதாகச் சீவிக்கொள்ளலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் யாரும் மறக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் டி.வி.யைக் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தார்கள். சுவருக்குள் இருப்பதைக் கழற்றிக் கட்டிலில் வைக்க முடியாது.

மருமகன் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவன் எழுதினான்: "மாமா, ஸ்டாண்டு வைச்சா பிள்ளைங்க ஓடும்போது தட்டி விடும். ஒயர் தரையில கிடந்தா அம்மா கால் தடுக்கி விழுவாங்க. அதான் எல்லாத்தையும் சுவருக்குள்ள போடச் சொல்றேன்." இதில் அம்மா கால் தடுக்குவது பற்றி அவன் சொன்னது மிகச் சரி. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு ஹோம் தியேட்டர் எதற்கு? ஆகவே ஒயர் தரையில் கிடக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. புதிதாகக் கட்டுகிற வீட்டில், படம் பார்ப்பதற்கென்றே ஒரு தனி அறை, ஜிப்சம் பலகை அடித்த உட்சுவர், பொய்க்கூரை என்று எல்லாம் செய்கிறவர்கள் ஸ்பீக்கரைப் பதித்துக்கொள்ளட்டும். அது அதற்கான இடம். என் வாதம் செங்கல் சுவருக்கும், எல்லோரும் புழங்குகிற ஹாலுக்கும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சோபா நகரும், சுவர் நகராது. முன்பக்கத்து இடது, வலது ஸ்பீக்கரும் நாம் உட்காருகிற இடமும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்பது அடி என்றால் நாமும் ஒன்பது அடி தள்ளி உட்கார வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் நமக்கு நேர் பின்னால் அல்ல, இரண்டு காதுகளுக்கும் சற்றுப் பின்தள்ளிய பக்கவாட்டில் இருக்க வேண்டும். இன்று இப்படி அளந்து சுவரைக் குடைகிறோம். நாளைக்கு முட்டி வலி வந்து சோபாவை எடுத்துவிட்டு உயரமான நாற்காலி போடுவோம். பேத்தி பிறந்தால் தூளி வரும். யாராவது படுக்கையில் விழுந்தால் கட்டிலே ஹாலுக்கு வரும். அப்போது ஸ்பீக்கர்கள் எல்லாம் காலியான ஒரு இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்.

சரி, ஒயரில்லாத ஸ்பீக்கர்? விளம்பரத்தைப் பார்த்தால் எந்தக் கம்பியும் வேண்டாம் போலத் தோன்றும். ஒயரில்லாதது என்றால் பாட்டு வருகிற ஒயர் இல்லை, அவ்வளவுதான். மின்சார ஒயர் வேண்டும். பேட்டரியில் ஓடுகிற சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் தேவை. பழைய வீட்டில் சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருக்காது. ஆக, எப்படியும் எலக்ட்ரீஷியன் வர வேண்டும்.

இதில் வகைகளும் உண்டு. சாதாரண புளூடூத் ஸ்பீக்கரைப் பின்னால் வைத்தால் வேலைக்கு ஆகாது. அதில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். பாட்டு மட்டும் கேட்டால் தெரியாது. படத்தில் உதடு முன்னால் போகும், சொல் பின்னால் வரும். காது மந்தமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய தொல்லை. சவுண்ட் பாரோடு ஒரே செட்டாக வருகிற பின் ஸ்பீக்கர்களில் இந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் அவை அந்தக் கம்பெனியின் பாரோடுதான் பேசும். ஒன்று கெட்டால் வேறு கம்பெனியின் ஸ்பீக்கரை வாங்கிச் சேர்க்க முடியாது. செல்போன் செயலி இல்லாமல் இயக்க முடியாத மாடலாக இருந்தால், தனியாக இருக்கிற என் தங்கையைப் போன்றவர்களுக்கு அது சும்மா ஒரு பெட்டிதான்.

ஆகவே பின்பக்கத்துக்கு மட்டும் ஒயரில்லாதது போதும் என்கிறேன். பின்பக்கத்திலிருந்து வருவது பெரும்பாலும் மழைச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், காற்று. அது கெட்டுப்போனால் கதை கெட்டுப்போகாது. முன்பக்கம் அப்படி இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 5.1-இல் படம் பார்க்கும்போது வசனத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? நடு ஸ்பீக்கரிலிருந்து. இந்த ஒரு பெட்டிதான் கதையைச் சொல்கிறது. ஆனால் நம் ஊரில் திட்டம் போடுகிறவர்கள் பெரிய சப்வூஃபருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, நடு ஸ்பீக்கரை டி.வி. அலமாரியின் அடித்தட்டில், முழங்காலைப் பார்த்துப் பேசுகிற மாதிரி வைத்துவிடுகிறார்கள். அதை டி.வி.க்கு நேர் கீழே, முன்விளிம்புவரை இழுத்து, முகம் நம் காதைப் பார்க்கும்படி சற்றே நிமிர்த்தி வைக்க வேண்டும். கீழே ஒரு ரப்பர்த் துண்டைச் சொருகினாலே போதும்.

வயதான காதுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு முதலில் போவது மேல்சுருதி. 'அ', 'ஆ', 'ஓ' போன்ற உயிரெழுத்துச் சத்தங்கள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருவதால் அவை கேட்கும். 'ச', 'ஸ', 'ஃப' போன்றவற்றின் காற்றுச் சத்தம் மேல்சுருதியில் மெலிதாக இருப்பதால் அது நழுவிவிடும். ஆகவே 'சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை' என்று பெரியவர்கள் சொல்வது பிடிவாதம் அல்ல. அது சரியான மருத்துவ விவரணை.

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. வாத்தியார் பிரெஞ்சு வாக்கியங்களை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நாங்கள் எழுத வேண்டும். 'இல் ஏம்' என்றால் 'அவன் நேசிக்கிறான்'. 'இல் ஸேம்' என்றால் 'அவர்கள் நேசிக்கிறார்கள்'. நடுவிலே ஈசல் பறக்கிற மாதிரி ஒரு 'ஸ்' சத்தம் மட்டும்தான் வித்தியாசம். அந்த 'ஸ்' காதில் விழாவிட்டால் ஒருமை பன்மை எல்லாம் போய்விடும். பரீட்சையில் இது எப்போதும் வரும். முதல் பெஞ்சுப் பையன்களுக்கு இதில் தப்பு வராது, கடைசி பெஞ்சில் வரும். அறிவு வித்தியாசம் அல்ல, தூர வித்தியாசம். வாத்தியார் கத்திச் சொன்னாலும் கடைசி பெஞ்சுக்கு அந்த 'ஸ்' வராது. நடந்து வந்து பக்கத்தில் நின்று சொன்னால் வரும்.

ஹாலிலும் அதுவே கணக்கு. சத்தத்தைக் கூட்டினால் அடித்தொண்டைச் சத்தமும் பின்னணி இசையும்தான் கூடும், சொல் தெளியாது. ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுவரவோ, நாற்காலியை முன்னால் தள்ளவோ வேண்டும். அடுத்தது அறையின் எதிரொலி. இப்போது எல்லா வீட்டிலும் பளபளவென்று டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். சொன்ன சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். நல்ல கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், சுவரோரம் ஒரு புத்தக அலமாரி இவை செய்கிற வேலையைக் கூரையில் பதிக்கிற நான்கு ஸ்பீக்கர் செய்யாது. (ஜமுக்காளம் வழுக்காமல் அடியில் ரப்பர் விரிப்புப் போட வேண்டும். மறுபடியும் இடுப்பெலும்பு ஞாபகம்.)

காதுக்கு மிஷின் வைத்தவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. டி.வி.யின் சத்தத்தை நேராக அந்த மிஷினுக்கே அனுப்புகிற சின்னக் கருவி பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் மிஷினுக்குப் பொருந்துவது எது என்று வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். மற்றவர்கள் ஸ்பீக்கரில் கேட்க, அவர்கள் தங்கள் அளவில் காதிலேயே கேட்டுக்கொள்ளலாம். சுற்றொலிக்கு ஆகும் செலவில் அது ஒரு சின்னப் பங்குதான். ஆனால் மருமகன் அனுப்பிய பட்டியலில் அது இல்லை. எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாம் உண்மையில் கேட்பது என்ன? செய்தியும் சீரியலும் பெரும்பாலும் இரண்டு தடத்தில்தான் வருகின்றன. நாம் உருகிக் கேட்கிற ஐம்பது, அறுபதுகளின் பாட்டெல்லாம் ஒற்றைத் தடம். தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடியாக 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்களைத்தான் சொல்வார்கள். டால்பி ஒலி என்று பேச ஆரம்பித்தது 1995-இல் வந்த 'குருதிப்புனல்' காலத்தில். அதற்கு முந்தியவற்றைப் பதினொரு ஸ்பீக்கரில் போட்டால், ஒரே குரல் பதினொரு இடத்திலிருந்து வருமே தவிர புதிதாக எதுவும் கேட்காது. ரத்னா தியேட்டரிலும் ராமன் தியேட்டரிலும் நாம் பார்த்துப் பழகிய அந்தக் காலத்துப் படங்களின் குரல் திரைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. வீட்டிலும் அது டி.வி. இருக்கிற பக்கத்திலிருந்து வந்தால் போதும்.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழர் பகுதித் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கிறது. சப்வூஃபரின் 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். திரைச்சீலையோ மெல்லிய தடுப்போ அதைத் தடுக்காது. சுவரில் பதித்த ஸ்பீக்கர் அந்தச் சுவரையே அதிர வைக்கும். அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்கலாம், ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு படுத்திருக்கலாம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள். நாற்பது வருஷமாகப் பொங்கல் பானை மாற்றிக்கொள்கிற வீட்டோடு சத்தத்துக்காக முகம் திருப்பிக்கொள்ளலாமா? ஒரு சப்வூஃபர் போதும். அதையும் பொதுச்சுவரை ஒட்டி வைக்காமல், அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டு வையுங்கள். தாழ்ந்த சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. ஆகவே எந்த மூலையில் இருந்தாலும் நஷ்டமில்லை.

கடைசியில் மருமகனுக்கு, ஆபீஸ் வழக்கப்படி வரிசை எண் போட்டு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். உங்களில் யாருக்காவது உதவும் என்று இங்கேயும் தருகிறேன்.

1. ஹாலின் அளவையும், அம்மா உட்காருகிற நாற்காலியின் இடத்தையும் முதலில் வரைபடத்தில் குறிக்கவும். மற்றதெல்லாம் அதிலிருந்து அளக்கவும்.

2. எலக்ட்ரிக் வேலைக்காக எப்படியும் சுவரில் காடி வெட்டப்போகிறார்கள். அப்போதே, பூச்சுக்கு முன், டி.வி. சுவரிலிருந்து மற்ற மூலைகளுக்கு 25 மி.மீ. பைப் போட்டு, உள்ளே ஒரு ஜி.ஐ. கம்பியை விட்டு வைக்கவும். பின்னால் எந்த ஒயரையும் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். காடி செங்குத்தாகவே இருக்கட்டும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் தரையோரமாக, சுவருக்கு வெளியே, பிளாஸ்டிக் பட்டையில் போகட்டும்.

3. மின்சார ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒரு அடியாவது இடைவெளி விடவும்.

4. ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மலிவாக விற்பார்கள், உப்புக் காற்றில் அது நிற்காது. ஹால் அளவு தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போதும். தூரம் அதிகமானால் 2.5.

5. முன்னால் மூன்று ஸ்பீக்கர், சுவரில் பிராக்கெட் போட்டோ அலமாரியிலோ. மூன்றில் நல்லது நடுவில்.

6. பின்னால் இரண்டு ஒயரில்லாதவை, அதே செட்டில் வருபவை. அவற்றுக்கு இரண்டு பிளக் பாயின்ட், வெள்ளம் ஞாபகம் வைத்து முழங்காலுக்கு மேல் உயரத்தில். கூரையில் எதுவும் வேண்டாம்.

7. டி.வி. ரிமோட் ஒன்றாலேயே சத்தமும் கூட்டிக் குறைக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வசதி இருந்தால் அது நடக்கும். மேஜையில் மூன்று ரிமோட் இருந்தால் அம்மா ஒன்றையும் தொட மாட்டாள்.

8. வாங்குவதற்கு முன் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போகவும். குண்டு வெடிக்கிற காட்சியைக் கடைக்காரர் போடுவார். வேண்டாம், இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிற காட்சியைப் போடச் சொல்லவும். அம்மாவுக்குச் சொல் புரிந்தால் வாங்கவும்.

அவனிடமிருந்து பதில் வர நான்கு நாள் ஆயிற்று. கொஞ்சம் மனவருத்தம் இருந்திருக்கும், ஆசைப்பட்டுப் போட்ட திட்டமல்லவா? "மாமா, கூரை ஸ்பீக்கரை மட்டும் எடுத்துடறேன், சுவர் ஸ்பீக்கர் இருக்கட்டுமே" என்று ஒரு முறை பேரம் பேசினான். பிறகு தன் அம்மாவோடு வீடியோவில் பேசியிருக்கிறான். அன்று ராத்திரி அவனே கூப்பிட்டான். "அம்மா டி.வி. பார்க்கிறதையே விட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியாது மாமா. சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துடறாங்களாம். ஏன்னு கேட்டேன், ஒண்ணும் புரியல, எதுக்கு உக்காந்திருக்கணும்னு சொல்றாங்க."

இதுதான் நான் சொல்ல வந்தது. சொல் புரியாத பெரியவர்கள் சண்டை போடுவதில்லை. மெல்ல எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிடுகிறார்கள். ஹாலில் எத்தனை ஸ்பீக்கர் இருந்தாலும் அவர்களுக்கு அந்த வீட்டில் ஓர் அறை குறைந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ பணம் அனுப்புகிற பிள்ளைகள் அன்போடுதான் அனுப்புகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது விடுமுறை நாளின் ஹால். மற்ற முந்நூற்று நாற்பது நாளின் ஹாலை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். "எனக்கு எதுக்குப்பா, உனக்குப் பிடிச்சதைச் செய்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது பெருந்தன்மை போலத் தோன்றும். அதனால் யாருக்கும் நன்மை இல்லை. பிள்ளைக்குப் பணம் போகும், நமக்கு ஹால் போகும்.

தங்கை வீட்டில் கொத்தனார் தை பிறந்ததும் வருகிறார். எங்கெங்கே பைப் போக வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறோம். காது மிஷினோடு இணைக்கிற அந்தச் சின்னக் கருவியை மட்டும் மருமகன் காத்திருக்காமல் வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டான். அது இந்த வாரம் வரும்.